நீர் மையும் எண்ணெய் மையும்: சீன அச்சோவியத்தில் கிழக்கும் மேற்கும்

சீன அச்சோவியர்களைப் பற்றிய கண்காட்சிக் கையேடு எதைப் புரட்டினாலும் ஒரு வாக்கியம் தவறாமல் கண்ணில் படும்: ‘கீழை மரபையும் மேலை நுட்பத்தையும் இவர் இணைத்திருக்கிறார்.’ யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தக்கூடிய சட்டை இது. ஷாங்காய் இளைஞருக்கும் பொருந்தும், பாரீசில் குடியேறியவருக்கும் பொருந்தும். அதனாலேயே யாரைப் பற்றியும் அது எதையும் சொல்வதில்லை. அதோடு, அந்த வாக்கியம் செய்யும் பங்கீடும் கோணலானது. மரபு கிழக்கினுடையது, நுட்பம் மேற்கினுடையது என்று அது பாகம் பிரிக்கிறது. ஓவியத்துக்கோ சிற்பத்துக்கோ அப்படிச் சொல்லிவிட்டுப் போகலாம். அச்சுக்குச் சொல்ல முடியாது. மரக்கட்டையில் படம் செதுக்கித் தாளில் ஒற்றியெடுக்கும் வித்தையே சீனாவிலிருந்து கிளம்பியதுதான்.

அப்படியானால் இருபதாம் நூற்றாண்டில் மேற்கிலிருந்து சீனாவுக்கு வந்து சேர்ந்தது எது? கலப்பு என்று சொல்லப்படுவது எங்கே நடந்தது? படத்தின் வடிவத்தில் அதைத் தேடுபவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் கருத்து. எந்த மை, எந்தத் தாள், வரைபவர் யார், செதுக்குபவர் யார் என்று பட்டறைக்குள் நடந்த மாற்றங்களைப் பார்த்தால்தான் இந்த வரலாறு பிடிபடும்.

தேதி பொறிக்கப்பட்டு முழுதாகக் கிடைத்திருக்கும் அச்சு நூல்களில் உலகிலேயே பழையது 868ஆம் ஆண்டின் வஜ்ர சூத்திரம். துன்ஹுவாங் குகையொன்றில் அடைபட்டுக் கிடந்த அந்தச் சுருளை 1907இல் ஆரல் ஸ்டைன் வாங்கிச் சென்றார். இப்போது அது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 5 மீட்டர் நீளம். தொடக்கத்தில் புத்தர் சுபூதிக்கு உபதேசம் செய்யும் படம். வாங் ஜியே என்பவர் தன் பெற்றோருக்காக, இலவசமாக வழங்குவதற்கென்று செய்வித்தது அது. கோடுகளின் நெருக்கத்தையும் தெளிவையும் பார்த்தால் தொடக்கநிலைத் தொழிலாகத் தெரியவில்லை. பல தலைமுறைப் பழக்கம் அந்தக் கையில் இருக்கிறது.

அந்தத் தொழில் உச்சத்தைத் தொட்டது பதினேழாம் நூற்றாண்டில். நான்ஜிங் நகரில் ஹு ஜெங்யான் நடத்திய ‘பத்து மூங்கில் பட்டறை’ 1633இல் ஓவிய, எழுத்தோவியக் கையேடு ஒன்றை வெளியிட்டது. 1644ஐ ஒட்டி அலங்காரக் கடிதத்தாள்களின் தொகுப்பு ஒன்றும் வந்தது. ஒரே படத்துக்குப் பல சிறு கட்டைகள், நிறத்துக்கு ஒன்றாக. இலையின் நுனி சிவந்து அடி பசுமையாக இருக்க வேண்டுமானால் அந்த நிறமாற்றத்தைக் கட்டையின் மீதே தூரிகையால் தீட்டிவிட்டு ஒற்றுவார்கள். மை இல்லாமல் வெறும் அழுத்தத்தாலேயே மேகத்தையும் அலையையும் தாளில் புடைக்கச் செய்யும் முறையும் இருந்தது. அச்சு இயந்திரம் கிடையாது. ஈரம் தோய்ந்த தாளைக் கட்டைமேல் விரித்து, நாரால் செய்த தேய்ப்பானால் முதுகில் தேய்ப்பார்கள். மை நீரில் கரைந்தது. ஆகவே அது தாளின் மேல் நிற்காமல் உள்ளே இறங்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் வரைபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவர். பெயர் கிடைத்தது பெரும்பாலும் முதலாமவருக்கு. பின்னால் நடந்த சண்டையின் விதை இந்த மூவர் ஏற்பாட்டில்தான் இருந்தது.

மேற்கின் அச்சு சீனாவுக்குள் முதலில் நுழைந்த வாசல் அரண்மனை. மத்தேயோ ரிப்பா என்ற இத்தாலியப் பாதிரியார் 1710களில் காங்ஷி பேரரசருக்காகக் கோடை அரண்மனைக் காட்சிகள் 36ஐச் செப்புத்தகட்டில் பொறித்துக் கொடுத்தார். காங்ஷியின் பேரன் சியான்லோங் தன் போர் வெற்றிகளைப் பதினாறு படங்களாக அரண்மனையிலிருந்த ஐரோப்பியத் துறவிகளைக் கொண்டு வரையச் செய்து, அவற்றைப் பாரீசுக்கே அனுப்பித் தகட்டில் பொறிக்கச் செய்தார். 1767 முதல் 1774 வரை அந்த வேலை நடந்தது. பிறகு வேறு போர்களுக்குப் பெய்ஜிங் பட்டறையிலேயே செப்புத்தகடு பொறிக்க முயன்றார்கள். நகல் என்ற அளவில் அவை குறை சொல்ல முடியாதவை. ஆனால் பேரரசரின் பரிசுப்பொருளாகவே இருந்து, அரண்மனைச் சுவரைத் தாண்டாமல் அடங்கிப்போயின.

அதே காலத்தில் சுஜோ நகரத்தின் கடைத்தெருப் பட்டறைகள் செய்தது இதைவிடச் சுவையானது. எங்கோ பார்த்த ஐரோப்பியச் செப்புத்தகட்டுப் படங்களின் தொலைத்தோற்றத்தையும், நிழல் காட்டப் போடும் குறுக்குக் கோடுகளையும் அங்கிருந்த கைவினைஞர்கள் மரக்கட்டையில் செதுக்கினார்கள். உலோகத்தில் ஊசி கிழிக்கும் கோட்டை மரத்தில் உளியால் கொண்டுவருவது வீம்பு. அந்த வீம்பு சில படங்களில் பிரமாதமாகப் பலித்திருக்கிறது. அரசரின் ஆணை இல்லாமல், விற்பனைக்காக நடந்த கலப்பு இது. கலை வரலாற்று நூல்கள் இதற்கு ஒதுக்கும் இடம் போதாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஷாங்காய்க்குக் கல்லச்சு வந்தது. எர்னஸ்ட் மேஜர் என்ற ஆங்கிலேயர் 1884இல் தொடங்கிய ‘தியென்ஷிஜாய்’ சித்திர இதழ், செய்திகளையும் வதந்திகளையும் படமாக்கி மாதம் மூன்று முறை விற்றது. கல்லச்சில் செதுக்குபவருக்கு வேலையே இல்லை. வரைந்த கோடு அப்படியே அச்சாகும். விலையும் குறைவு, வேகமும் அதிகம். ஆயிரம் ஆண்டு கண்ட மரக்கட்டைத் தொழில் சில பத்தாண்டுகளில் கடிதத்தாள் கடைகளுக்கும் கிராமத்துப் புத்தாண்டுப் படங்களுக்கும் சுருங்கியது.

லூ சுன் வந்து சேர்வது இந்த இடத்தில். இலங்கை எழுத்தாளர் கே. கணேஷ் போன்றவர்களின் மொழிபெயர்ப்பால் தமிழ் வாசகர்களுக்கு அவர் சிறுகதையாசிரியராகவே பழக்கம். சீன அச்சோவியர்களுக்கோ அவர் குலமுதல்வர் மாதிரி. இத்தனைக்கும் அவர் ஒரு கட்டையைக்கூடச் செதுக்கியவரல்ல.

1931 ஆகஸ்ட் 17 முதல் 22 வரை ஷாங்காயில் ஒரு சிறு பயிற்சி வகுப்பு நடந்தது. லூ சுன்னின் நண்பரான புத்தகக்கடைக்காரர் உச்சியாமா கன்ஸோவின் தம்பி ககிச்சி, ஜப்பானில் பள்ளி ஆசிரியர், விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் பாடம் நடத்த, லூ சுன் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். மாணவர்கள் பதின்மூன்று பேர். சீன நவீன மரச்செதுக்கின் பிறந்தநாளாக இதைத்தான் கொண்டாடுகிறார்கள். சீனாவிலிருந்து போன கலை ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் உருமாறி, ஒரு ஜப்பானியரின் கைவழியாகத் திரும்பி வந்தது. அதையும் அந்த மாணவர்கள் அயல்நாட்டுச் சரக்காகவே பெற்றுக்கொண்டார்கள்.

அவர்கள் பெற்றுக்கொண்டது என்ன? எண்ணெய் மை, உருளை, குறுக்காக அறுத்த கடினமான கட்டை, கருப்புப் பரப்பில் வெள்ளைக் கோடு கிழிக்கும் முறை ஆகிய எல்லாமும் உண்டு. அவற்றைவிடப் பெரியது ஒரு கொள்கை. வரைபவரே செதுக்க வேண்டும், அவரே அச்சிட வேண்டும்; இன்னொருவருடைய ஓவியத்தைப் படியெடுக்கும் கூலிவேலையாக மரச்செதுக்கு இருக்கக் கூடாது. பழைய மூவர் ஏற்பாட்டை இது ஒரே வெட்டில் துண்டித்தது. மேற்கின் கொடை எது என்று கேட்டால் நான் இந்தக் கொள்கையைத்தான் சொல்வேன். தொலைத்தோற்றமும் நிழலும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டவை.

அந்த ஆண்டு பிப்ரவரியில் லூ சுன்னின் இளம் நண்பர், எழுத்தாளர் ரோ ஷி சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். அவர் நினைவாக ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் ‘பலி’ என்ற மரச்செதுக்கை, ஒரு தாய் தன் சிசுவை ஏந்திக் கொடுக்கும் படத்தை, லூ சுன் செப்டம்பரில் ஓர் இதழில் வெளியிடச் செய்தார். 1936இல் கோல்விட்ஸ் படங்கள் 21ஐத் தொகுத்துத் தன் செலவில் நூலாக்கினார். படிகள் 103 மட்டுமே. பெர்லின் தொழிலாளிகளின் துயரம் சீன சுவான் தாளில் அச்சாகி, சீனப் பழைய நூல்களைப் போல நூலால் தைக்கப்பட்டு வந்தது. ‘கிழக்கும் மேற்கும் கலந்த’ கலைப்பொருள் ஒன்றைக் காட்டு என்றால் இந்தப் புத்தகத்தையே எடுத்துக் காட்டலாம்.

தாள் சம்பந்தமாக இன்னொரு சங்கதி. சோவியத் மரச்செதுக்காளர்களின் படங்களை லூ சுன் திரட்டியபோது அவர்கள் காசு கேட்கவில்லை, சீனத் தாள் கேட்டார்கள். கட்டுக்கட்டாகச் சுவான் தாளை அனுப்பினார், பதிலுக்குப் படங்கள் வந்தன. அந்தத் தொகுப்பு 1934இல் வெளியானது. மெல்லியதாக இருந்தும் கிழியாத, மையை உள்வாங்கிக்கொள்ளும் அந்தத் தாளின் அருமை மாஸ்கோவின் செதுக்குபவருக்குத் தெரிந்திருந்தது. எண்ணெய் மையே நவீனம் என்று நம்பிய ஷாங்காய் இளைஞர்களில் பலருக்குத் தெரியவில்லை.

லூ சுன்னுக்குத் தெரிந்திருந்தது. 1933இன் இறுதியில் எழுத்தாளர் ஜெங் ஜென்டுவோவோடு சேர்ந்து பெய்பிங் (இன்றைய பெய்ஜிங்) கடைகளின் கடிதத்தாள் படங்களை ஆறு தொகுதிகளாக, நூறு படிகள் அச்சிட்டார். பத்து மூங்கில் பட்டறைக் கடிதத்தாள்களையும் மறுபடி செதுக்க ஏற்பாடு செய்தார். புரட்சிக்காரருக்குக் கனவான்களின் கடிதத்தாள் எதற்கு என்று அன்றைக்கே கேலி எழுந்தது. அயலின் நல்லதை எடுத்து வளர்ப்பதும் ஒரு வழி, சொந்த மரபிலிருந்து தேர்ந்தெடுத்து உருக்கிச் சேர்ப்பதும் ஒரு வழி என்று 1934இல் ஒரு முன்னுரையில் அவர் எழுதினார். இரண்டையும் ஒரே படத்தில் செய்து காட்டு என்று அவர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பின்வந்தவர்கள் கட்டாயப்படுத்தினார்கள்.

லி ஹுவா 1935இல் செதுக்கிய ‘கர்ஜனை செய், சீனாவே!’ இந்தத் தலைமுறையின் முகவரி. கண்கள் கட்டப்பட்டு, கம்பத்தோடு பிணைக்கப்பட்ட நிர்வாண மனிதன், கத்தியை நோக்கி நீளும் அவன் கை. ஜெர்மானிய எக்ஸ்பிரஷனிசத்தின் முறுக்கு அந்தத் தசைகளில் அப்பட்டமாகத் தெரிகிறது. அதைச் செரிக்காத இரவல் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவசரத்துக்கு வாங்கிய கத்தியும் வெட்டத்தான் செய்யும்.

1936 அக்டோபர் 8 அன்று, நோய் முற்றியிருந்த லூ சுன் ஷாங்காயில் மரச்செதுக்குக் கண்காட்சிக்குப் போய் இளைஞர்களோடு உட்கார்ந்து பேசினார். புகைப்படக்காரர் ஷா ஃபெய் எடுத்த படங்கள் இருக்கின்றன. பதினோரு நாளில் லூ சுன் இறந்துவிட்டார்.

ஜப்பானியப் படையெடுப்புக்குப் பிறகு இளைஞர்களில் ஒரு பகுதியினர் வடமேற்கே, கம்யூனிஸ்டுகளின் தளமான யெனானுக்குப் போனார்கள். 1938இல் அங்கே லூ சுன் பெயரிலேயே கலைக்கல்லூரி தொடங்கியது. இந்தக் கட்டுரையின் மையமான சோதனை நடந்தது அங்கேதான். கண்ணாடிச் சட்டமும் கண்காட்சிக்கூடமும் இல்லாத ஊர். பார்வையாளர் விவசாயி. நம் வீடுகளில் சிவகாசிக் காலண்டர் சாமிப்படம் தொங்கும் இடத்தில், அவர் வீட்டுச் சுவரிலும் கதவிலும் புத்தாண்டுப் படம் ஒட்டியிருக்கும். கதவுக் காவல் தெய்வங்கள், கொழுத்த குழந்தை, மீன், எல்லாமே தெளிவான கோடு, பளிச்சென்ற நிறம்.

அவருக்கு ஷாங்காய் மரச்செதுக்கைக் காட்டியபோது வந்த கேள்வி புகழ்பெற்றது: முகத்தில் ஒரு பாதி ஏன் கருப்பு? ‘யின்-யாங் முகம்’ என்று கிராமத்தார் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஒளி ஒரு பக்கமிருந்து விழுந்தால் மறுபக்கம் நிழல் என்பது ஐரோப்பிய ஓவியத்தின் அரிச்சுவடி. நிழல் கடந்துபோகிற சங்கதி, முகத்தைச் சேர்ந்ததல்ல என்பது கிராமத்தாரின் கட்சி. ஓவியம் என்றால் பொருளின் நிலையான வடிவம் என்ற மிகப் பழைய சீனக் கொள்கையும் அதுதான். படிக்காதவரின் அறியாமை என்று இதை ஒதுக்கியவர்கள் தோற்றார்கள்.

தோற்காதவர் கு யுவான். 1919இல் தெற்கே குவாங்டோங்கில் பிறந்தவர். 1940இல் யெனான் அருகே ஒரு கிராமத்தில் போய்த் தங்கினார். எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் படம் போட்ட அட்டைகள் செய்தார். மாடு, ஆடு வரைந்த அட்டைகளை ஊரார் சுவரில் ஒட்டிக்கொண்டதைக் கவனித்தார். ‘விவாகரத்துப் பதிவு’ என்ற ஒரே காட்சியை அவர் இரண்டு முறை செதுக்கியிருக்கிறார். முதல் படத்தில் அறை இருட்டு, ஆட்களின் முகத்திலும் சுவரிலும் நெருங்கிய நிழற்கோடுகள். 1943இன் படத்தில் நிழல் துடைத்தெடுக்கப்பட்டிருக்கிறது. வெள்ளை வெளி, சுத்தமான புறக்கோடு, ஒவ்வொரு முகமும் தனியாக வாசிக்கத் தக்கதாக. அந்த வட்டாரப் பெண்கள் ஜன்னலுக்கு வெட்டி ஒட்டும் காகித உருவங்களை அவர் ஊன்றிப் படித்திருந்தார்.

இடையில் நடந்தது 1942 மே மாதத்தின் யெனான் உரை. கலை உழைப்பாளிகளுக்குப் புரியவேண்டும், அவர்களுக்குச் சேவை செய்யவேண்டும் என்று மாவோ வரையறுத்தார். இந்த மாற்றத்தை எடைபோடுவதில் ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். கட்சியின் ஆணைக்காக நிழலையும் ஐயத்தையும் கலைஞர்கள் துடைத்துவிட்டார்கள், இழப்பே அதிகம் என்பது ஒரு கட்சி. மேற்கின் பாடம் அப்போதுதான் சீன மண்ணில் வேர்பிடித்தது என்பது மறு கட்சி. ஆணை இருந்தது உண்மை. ஆனால் உரைக்கு முன்பே, 1940 புத்தாண்டுச் சமயத்தில், மரச்செதுக்காளர் ஹு யிச்சுவானின் குழு உள்ளூர்க் கைவினைஞர்களைச் சேர்த்துக்கொண்டு போர்க்களக் கருத்துகளைப் பழைய நீர்வண்ண முறையில் அச்சிட்டுச் சந்தையில் விற்றிருக்கிறது. கேள்வி சந்தையில் எழுந்தது, ஆணை பிறகு வந்தது. இரண்டு ‘விவாகரத்துப் பதிவு’களில் இரண்டாவதே மேலானது என்று நான் நினைக்கிறேன். ஆனால் அதைப் பார்த்துப் பின்னால் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட, நிழலே இல்லாத சிரித்த முகங்களுக்கு அந்தப் பாராட்டு போய்ச்சேராது.

1942இல் சோங்சிங்கில் நடந்த கண்காட்சியில் கு யுவானின் படங்களைப் பார்த்து, சீனக் கலையின் மேதை என்று வியந்து எழுதியவர் சூ பெய்ஹோங். பாரீசில் நிழலும் ஒளியும் கற்றுவந்த எண்ணெய் வண்ண ஓவியர், கம்யூனிஸ்டும் அல்ல.

1949க்குப் பிறகான முப்பதாண்டுகளை விரைவாகக் கடக்கலாம். கல்லூரிகளில் அச்சோவியத் துறைகள் வந்தன. வடகிழக்குத் தரிசு நிலங்களில் குடியேறிய முன்னாள் வீரர்கள், சாவ் மெய் போன்றவர்கள், பனியையும் அறுவடையையும் தடித்த எண்ணெய் வண்ணத்தில் அச்சிட்டார்கள். ஜியாங்சு மாநிலத்தில் நீர் மை திரும்பியது. ஆற்றோர ஊர்களின் மூடுபனிக்கு எண்ணெய் மை ஒத்துவராது என்று அங்கே கண்டுகொண்டார்கள். பெய்ஜிங்கின் பழைய கடையான ரோங்பாவ்ஜாய், ‘ஹான் சிஜாயின் இரவு விருந்து’ என்ற பட்டுச் சுருளோவியத்தை 1,600க்கும் மேற்பட்ட கட்டைகளால் படியெடுத்து 1979இல் முடித்தது. லூ சுன் மாணவர்கள் துண்டித்த அதே மூவர் ஏற்பாட்டின் சாதனை அது. கொள்கை எதுவாயிருந்தாலும், தனியொருவரால் செய்ய முடிகிற வேலையல்ல.

கடல் கடந்து போனவர்களில் ஜாவோ வூ-கி ஒருவரையாவது சொல்ல வேண்டும். ஹாங்ஜோவில் படித்து 1948இல் பாரீஸ் போனவர். அங்கே கல்லச்சுப் பட்டறையில் வண்ணத்தில் நீரைத் தாராளமாகக் கலந்து கல்லின்மேல் ஓடவிட்டார். வேண்டாம் என்று எச்சரித்தவர், அனுபவசாலியான பட்டறைக்காரர் தெஜோபெர். கல்லச்சு நிற்பதே எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற விதியின்மேல். அந்த விதிக்குள்ளேயே சீனத் தூரிகையின் கசிவைக் கொண்டுவந்துவிட்டார் ஜாவோ. அந்த முதல் படங்கள் எட்டைப் பார்த்துக் கவிஞர் ஆன்ரி மிஷோ கவிதைகளே எழுதினார். அருவ ஓவியங்களால் பின்னால் கோடிகள் சம்பாதித்த ஜாவோவைவிட, கல்லின்மேல் நீர் ஊற்றிய இந்த ஜாவோவையே எனக்குப் பிடிக்கிறது.

சூ பிங்குக்கு வருவோம். 1955இல் சோங்சிங்கில் பிறந்து, பீக்கிங் பல்கலைக்கழக வளாகத்தில் வளர்ந்தவர். பெற்றோர் இருவருக்கும் அங்கேதான் வேலை. பண்பாட்டுப் புரட்சியில் கிராமத்துக்கு அனுப்பப்பட்டு, 1977இல் பெய்ஜிங் மத்திய நுண்கலைக் கல்லூரியின் அச்சோவியத் துறையில் சேர்ந்தார். தொடக்கத்தில் கையளவுச் சிறு மரச்செதுக்குகள், யெனான் வழிவந்த கிராமக் காட்சிகள். 1987–88இல் ஒரு திருப்பம். ஒரு கட்டையை வெட்டாத நிலையிலிருந்து அச்சிடத் தொடங்கி, செதுக்கச் செதுக்க ஒவ்வொரு கட்டத்திலும் அச்சிட்டு, எல்லாம் வெட்டியெடுக்கப்பட்டு எதுவும் மிஞ்சாத நிலைவரை வரிசையாக வைத்தார். முழுக் கருப்பில் தொடங்கும் தொடர் நடுவில் படமாகி, வெள்ளையில் முடியும். அச்சு என்றால் படிகள் பல, பதிவின் தடம் ஒன்று என்ற இரண்டு இயல்புகளையே கருப்பொருளாக்கினார்.

பிறகு ‘வான் நூல்’. சீன எழுத்துகளின் உறுப்புகளைப் பிரித்து, எந்த அகராதியிலும் இல்லாத சுமார் 4,000 எழுத்துகளைப் புனைந்து, ஒவ்வொன்றையும் பேரிக்கட்டையில் தனித்தனி அச்செழுத்தாகக் கையால் செதுக்கினார். பெய்ஜிங்குக்கு வெளியே ஒரு கிராமத்துப் பழைய அச்சகத்தில் அவற்றை அச்சிட்டு, நான்கு தொகுதிகளாக நூலால் தைத்து, மரப்பெட்டியில் வைத்தார். 1988 அக்டோபரில் பெய்ஜிங்கின் சீனக் கலைக்கூடத்தில் முதலில் காட்டப்பட்டது. மேலே சுருள்கள், சுவரில் பலகைகள், தரையில் விரித்த நூல்கள். படித்தவருக்கும் படிக்காதவருக்கும் ஒரே மாதிரி வாசிக்க முடியாத நூல். கோபப்பட்டவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள்.

இங்கே அந்தக் கையேட்டு வாக்கியம் தலைகீழாகிறது. கட்டை, மை, தாள், தையல், பக்க அமைப்பு என்று நுட்பம் முழுக்கக் கிழக்கினுடையது. கூடத்தையே படைப்பாக்கும் நிர்மாணக் கலையும், பொருளற்ற குறியைப் பார்வையாளர்முன் வைக்கும் கருத்துக் கலையும் மேற்கு வழியாக வந்தவை. மேலை நுட்பத்தைக் கீழை மரபோடு இணைத்தார் என்று ‘வான் நூல்’ பற்றி எழுதுபவர், எதிரே இருப்பதைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

1990இல் அவர் இன்னும் பின்னே போனார். ஜின்ஷான்லிங்கில் பெருஞ்சுவரின் ஒரு பகுதிமேல் தாளை ஒட்டி, கல்வெட்டுப் படியெடுப்பதுபோல 24 நாள் மைப்படி எடுத்தார்கள், அவரும் மாணவர்களும் உள்ளூர் விவசாயிகளும். அதே ஆண்டு அமெரிக்கா போனார். 2008இல் பெய்ஜிங் திரும்பித் தான் படித்த கல்லூரியிலேயே துணைத்தலைவரானார். 2010இல் 1679ஆம் ஆண்டின் ‘கடுகுவிதைத் தோட்டம்’ என்ற ஓவியக் கையேட்டின் மரங்களையும் பாறைகளையும் மனிதர்களையும் வெட்டியெடுத்து வேறு நிலக்காட்சிச் சுருளாக அடுக்கி, மறுபடி மரத்தில் செதுக்கி அச்சிட்டார். அவருடைய பிற்காலப் படைப்புகள் சில வெறும் சாமர்த்தியமாக முடிந்துவிடுகின்றன. இந்தச் சுருள் அப்படியல்ல.

இப்போதைய தலைமுறையில் இரண்டு எதிர் முனைகளைச் சொன்னால் போதும். ஃபாங் லிஜுன் ஒட்டுப்பலகையை மின்கருவியால் குடைந்து, ஆளுயரத்தை மிஞ்சும் மொட்டைத் தலைகளை அச்சிட்டு, சீனச் சுருளோவியம்போல் தொங்கவிடுகிறார். சென் சி கணினியின் உதவியோடு நிற அடுக்குகளைப் பிரித்து, நீர்ப்பரப்பின் அலைகளைப் பழைய நீர் மை முறையில் கட்டை கட்டையாக அச்சிடுகிறார். அருகில் போய்ப் பார்த்தால் மை தாளுக்குள் இறங்கியிருப்பது தெரியும். பத்து மூங்கில் பட்டறைக்கு நேர்வாரிசு என்று அவரைத்தான் சொல்ல வேண்டும்.

நீர் மை அச்சு 2006இல் சீன அரசின் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. செதுக்குக்கட்டை அச்சை யுனெஸ்கோ 2009இல் மனிதகுல மரபுரிமையாக அறிவித்தது. சூ பிங் கையாண்ட மர அச்செழுத்துத் தொழில் மட்டும் 2010இல் வேறு பட்டியலில், உடனடிப் பாதுகாப்பு தேவைப்படுபவற்றின் பட்டியலில் இடம்பெற்றது. ஜெஜியாங் மாநிலத்து ருய்ஆன் பகுதியில் குலவரலாற்று நூல்களை அச்சிடும் சில குடும்பங்களிடம்தான் அந்தத் தொழில் இன்றைக்கும் உயிரோடிருக்கிறது.